வள்ளித்தலை ஊன்றிய இடம்

மூன்றரை மணி வண்டி வில்லியனூர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது ஊதிய ஊதல் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் கேட்டது. எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

ரயில் ஊதியதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஆனி, ஆடி மாதங்களில் காலையிலிருந்து மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வருகிற காற்று, அடிக்கும். அது அடிக்கும் வரை, கிழக்கே இருக்கிற ஸ்டேஷனின் சத்தம் எங்கள் ஊருக்கு வராது. ஊதல் கேட்டால் காற்று திரும்பிவிட்டது, கடல்காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற நாட்களில் அது நல்ல செய்தி. வெயிலில் வெந்து படுத்திருக்கும் மாடுகூடத் தலையைத் தூக்கும். அன்றைக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மா, சட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "கடக்காத்து வந்துடுச்சி" என்றாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

மேட்டுக்காட்டில் அப்பா தீ வைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

இத்தனை வருஷம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் ஒருநாள் என் மகன் கல்லூரியிலிருந்து வர வேண்டிய பஸ்ஸில் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. தெருமுனையில் நிற்கும் ஐஸ் வண்டிக்காரரிடம் பார்த்தாரா என்று கேட்கப் போனேன். கேட்கத்தான் போனேன். போன பிறகு பார்த்தால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "வந்துடுவாரும்மா" என்றார். மகன் அரை மணியில் வந்துவிட்டான். நண்பனுடைய சைக்கிளில் காற்றுப் போய்விட்டதாம். ஐஸ்காரர் கையில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் நேரம் கழித்து வருகிறார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இளையவர்கள் இதைப் படித்தால் என் அப்பாவைத் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

மேட்டுக்காடு என்று பேர்தானே தவிர அது பெரிய காடு ஒன்றும் இல்லை. செம்மண் மேடு. ஆள் உயரத்துக்குக் காரையும் சூரையும் களாவும், இடையில் ஈச்சம் புதர்களும். கிழக்கு ஓரத்தில் ஏரி. மேட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு வண்டிப்பாதை போகும். வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தால் கசக்கிய இலையும் ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்த ஒரு வாசனை. கால் முழுக்க முள். ஊரில் எல்லோரும் அதைச் 'சும்மா கிடக்கிற நிலம்' என்றுதான் சொன்னார்கள்.

அங்கே ஓர் இருளர் குடும்பம் குடிசை போட்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும்தான். அவர் எங்கள் வயலுக்கும் களத்துக்கும் காவல்காரர். அறுப்பு முடிந்ததும் எலிவளை வெட்டுவார். அவரிடம் அடியில் ஓட்டை போட்ட மண்சட்டி ஒன்று இருந்தது. அதில் வைக்கோலை அடைத்து நெருப்பு வைத்து, வளையின் வாயில் கவிழ்த்து, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார். கன்னம் இரண்டும் தவளை மாதிரி உப்பும். எங்கேயோ தள்ளி இன்னொரு வளையிலிருந்து புகை எட்டிப் பார்க்கும். நாங்கள் அங்கே ஓடுவோம். எலி அவருக்கு. எலி உள்ளே சேர்த்துவைத்த நெல்லும் அவருக்கே. காவலுக்கு அதுதான் கூலி.

அவர் பெண்டாட்டியை ஊரே இருளச்சி என்று கூப்பிட்டது. என் தம்பி மட்டும் ஆத்தா என்பான். நானும் இங்கே தம்பியின் ஆத்தா என்றே எழுதுகிறேன்.

அவன் அப்படிக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் எங்கள் வீட்டில் தங்கவில்லை. அதனால் அவன் பிறந்ததும் கொல்லை வழியாக அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் அவனைக் கிழங்குக் கூடையில் வைத்துத் தெருக்கோடி வரைக்கும் நடந்து திரும்பி வந்தாள். அம்மா ஓர் உழக்குத் தவிடு கொடுத்து அவனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எமன் தேடி வந்தால் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று ஏமாந்து போவானாம். உங்கள் வீடுகளிலும் ஒரு தவிட்டுப்பிள்ளை இருந்திருக்கும்.

மடியில் விழுந்த தவிட்டைப் பார்த்துவிட்டு அவள், "இன்னாம்மா, தலை தட்டி அளந்துட்ட. ஒரு கை கொறையுது. அந்த ஒரு கைக்கு இவன் எம்புள்ளதான்" என்றாளாம். கூடியிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்களாம். அம்மாவும் சிரித்தாளாம். பிறகு வருஷா வருஷம் அந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லி, நேரில் பார்த்த மாதிரி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

தம்பி நோஞ்சான். புகையோ தூசியோ பட்டால் இழுப்பு வந்துவிடும். அம்மா ஓமத்தை வறுத்து மஞ்சள் துணியில் முடிந்து அவன் கழுத்தில் கட்டிவிடுவாள். அவன் அதை முகர்ந்துகொண்டே இருப்பான். வீட்டில் எதை ஊட்டினாலும் துப்புவான். ஆனால் அவள் தணலில் சுட்டு, மேல்தோலை ஊதி ஊதி உரித்துக் கொடுக்கும் வெற்றிலைவள்ளிக் கிழங்கைக் கேட்டு வாங்கித் தின்பான். சுட்ட பண்டத்துக்குத் தீட்டு இல்லை என்று அம்மா தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அப்பாவும் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்.

அந்த வள்ளிக்கொடியின் இலை வெற்றிலை மாதிரியே இருக்கும், அதனால்தான் அந்தப் பேர். மாசிக்கு மேல் கொடி காய்ந்ததும் அவள் பாரையை எடுத்துக்கொண்டு போவாள். முழங்கால் ஆழம் தோண்டிக் கிழங்கை எடுப்பாள். முழுசாக எடுக்க மாட்டாள். கொடி முளைக்கிற தலைப்பக்கத்தைக் கையளவு ஒடித்து, அதே குழிக்குள் திரும்ப வைத்துச் சருகு போட்டு மூடிவிட்டு வருவாள். மண் போட்டுக் குழியை நிரப்புவது கிடையாது. தளர்ந்த குழியில்தான் அடுத்த கிழங்கு நன்றாக இறங்கும் என்பாள். மேடு முழுக்க அப்படிக் குழிகள். எது அவள் மாமியார் தோண்டியது, எது அவள் தோண்டியது, எதை இந்த வருஷம் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் கண்ணுக்கு அவை குழிகள்.

சில சமயம் ஒரு தலையை எடுத்துப் புது இடத்தில் ஊன்றுவார்கள். அப்படி ஊன்றிய இடத்தை, முளை வரும் வரைக்கும், வாயால் சொல்லக்கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். காட்டுவார்கள், அவ்வளவுதான்.

"சொன்னா இன்னா ஆவும்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எலி கேட்டுக்கும். ராவோட ராவா வந்து தின்னுடும்."

"எலிக்கு நாம பேசறது புரியுமா?"

"உங்கப்பா வெத நெல்லு எந்த மூலையில வெச்சிருக்காருன்னு அதுக்கு யார் சொன்னாங்களாம்?" என்றாள்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நான் அன்று இரவு முழுக்க வீட்டில் எல்லோரும் பேசுவதைப் பயத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் வைகாசியில் அப்பாவின் செவலைக்காளை மேட்டுக்காட்டில் மேயப் போய், ஒரு குழியில் காலை விட்டு முறித்துக்கொண்டது. அப்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் எங்களை அடித்ததே இல்லை. மாட்டைக்கூடத் தார்க்குச்சியால் குத்த மாட்டார், மேலே தொட்டுத்தான் ஓட்டுவார். அந்த ஆள் அன்று எழுந்து வந்து, "சும்மா கெடக்கிற நெலத்துல ஓட்ட போட்டு வெச்சிருக்கறாங்க" என்றார். 

பெரியப்பாவுக்கு மேரியில் செல்வாக்கு இருந்தது. மேரி என்றால் கொம்யூன் ஆபீஸ். அந்தக் காலத்துப் பேச்சு அப்படித்தான். வண்டிப்பாதைக்குக் கிழக்கே, ஏரி வரைக்கும் உள்ள பாதி மேடு அப்பா பேருக்குச் சாகுபடிக்கு வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவதாக முடிவாயிற்று. புதுச்சேரித் துறையில் கப்பல் நின்று மல்லாட்டையை வாரிக்கொண்டு பிரான்சுக்குப் போன காலம். புதரைக் கொளுத்தி, உழுது, குழிகளை எல்லாம் தூர்த்து, ஆடியில் விதைத்துவிட வேண்டும்.

தம்பியின் ஆத்தா கொல்லைப் பக்கம் வந்து நின்றாள்.

"சாமி, இப்பத் தலையெல்லாம் தூங்குது. தூங்கறதப் பேத்தா பாதி செத்துப்பூடும். ஒரு மழ பேயட்டும். கண்ணு முழிச்சிதுன்னா நாங்களே பேத்து எடுத்துக்கிறோம்."

"மழ பேஞ்சா நான் வெதைக்கணும்."

"ஒரு மாசம் சாமி."

"எம்மாடு கால ஒடிச்சிக்கினப்போ நீ எத்தினி மாசம் குடுத்த?" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அழுதுவிடுவார் போலத்தான் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இனிமே எம்புள்ளைங்க அந்தக் குடிசைப் பக்கம் போவக்கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அவன் பின்னால் சுற்றுவாள். அப்பா பார்க்கும்போது சுற்ற மாட்டாள்.

கொளுத்துவதற்குப் புதன்கிழமை குறித்தார்கள். காலையில் வைத்திருந்தால் மேல்காற்றில் கிழக்கே எரிந்துபோய் ஏரிக்கரையில் தானாக அடங்கியிருக்கும். ஆட்கள் வந்துசேர உச்சியாகிவிட்டது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் இராகு காலம், அது கழியட்டும் என்றார் பெரியப்பா. நல்ல காரியத்தை யார் இராகு காலத்தில் தொடங்குவார்கள்? அப்பாவும் சரி என்றார். எல்லோரும் கூழைக் குடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்து இராகு காலம் கழியக் காத்திருந்தார்கள். கடல்காற்றைப் பற்றி யாருக்குமே தெரியாமலா இருந்திருக்கும்? எல்லோருக்கும் தெரியும். வருவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள்.

ஒன்றரைக்கு வண்டிப்பாதை ஓரமாக வரிசையாகத் தீ வைத்தார்கள். நான் எங்கள் வைக்கோல் போர் மேல் ஏறிப் பார்த்தேன். புகை முதலில் வெள்ளையாகவும் பிறகு கறுப்பாகவும் எழுந்தது. கவுதாரிகள் பறக்காமல் தெருவில் ஓடி வந்தன, கோழிகள் மாதிரி. ஒரு முயல் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்து கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் நின்றது. கன்றும் நகரவில்லை, அதுவும் நகரவில்லை. காற்றில் கிழங்கு சுடுகிற வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் முதலில் பசிக்கிறது, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பிறகு ஊதல் கேட்டது.

தீ திரும்பி வண்டிப்பாதையைத் தாண்டி மேற்குப் பாதிக்குள் இறங்கிவிட்டது. குடிசை இருந்ததும் ஆடு மேய்ந்ததும் அந்தப் பக்கம்தான். ஊரே பச்சைக்கிளைகளை ஒடித்துக்கொண்டு ஓடியது. அப்பா மட்டும் வீட்டுக்கு ஓடி வந்தார். "புள்ளைங்க எங்க?" என்றார். நான் நின்றேன். தம்பியின் பாய் காலியாக இருந்தது.

"பின்னாலதான் வெளையாடிக்கினு இருந்தான்" என்றாள் அம்மா.

கிணற்றில் பார்த்தார்கள். கொட்டகையில், போருக்குப் பின்னால், குதிருக்குள் பார்த்தார்கள். அப்பா திரும்பத் தீயை நோக்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அவர் நெருப்பு ஓரமாகவே ஓடிக்கொண்டு தம்பி பேரைச் சொல்லிக் கத்தினார். அவர் புருவம் பொசுங்கியிருந்தது. குரல் கட்டிப்போய், கடைசியில் வாய் மட்டும் அசைந்தது. அப்படி ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. போன மாதம் தெருமுனையில் ஐஸ்காரர் என்னைப் பார்த்தபோது ஒருவேளை அவர் அதைக் கண்டிருக்கலாம்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதர்தான் சொன்னார். "இருளச்சி காலையிலயே கூடயத் தூக்கிக்கினு போனாளே. புள்ள தோள்மேலதான் குந்தியிருந்தான்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தீயில் இல்லை. பிள்ளை தீயில் இல்லை. இரண்டு கையாலும் மண்ணை வாரி முகத்தில் அப்பிக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த இடத்தோடு நின்றிருக்கலாம். பெரியப்பா குனிந்து, "அந்த ஒரு கை தவிட்டுக்குத் தூக்கிக்கினு பூட்டாடா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை வருஷமாகச் சொல்லிச் சிரித்த பேச்சு அது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் அதைத் தாங்களும் கேட்டதாகச் சொன்னார்கள். அன்றைக்கே அவள் பார்வை சரியில்லை என்றார் ஒருவர். நிலம் போன ஆத்திரத்துக்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டு தீவனூர்ப் பக்கம் போயிருப்பாள் என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அது எல்லோருக்கும் நடந்ததாகவே ஆகிவிட்டது.

காவல்காரர் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? தீயை அடித்துக்கொண்டிருந்தார். தன் குடிசையைக் காப்பாற்ற இல்லை, அது அப்போதே எரிந்துவிட்டது. ஊர்ப்பக்கம் தீ இறங்காமல் மற்ற ஆட்களோடு நின்று அடித்துக்கொண்டிருந்தார். கையில் பிடித்த வேப்பங்கிளையோடு அவரை இழுத்து வந்தார்கள். எங்கள் களத்தில் நின்ற பாரவண்டியின் சக்கரத்தில் கட்டினார்கள்.

"உம்பொண்டாட்டி எங்கடா?"

"வந்துடும் சாமி."

"எம்புள்ள?"

"அதுங்கிட்டதான் கீறான். வந்துடும்."

"எங்க போயிருக்கா?"

"பேத்த தலய ஊனப் போயிருக்குது."

"அது எங்கன்னுதாண்டா கேக்கிறேன்."

அவர் தரையைப் பார்த்தார்.

அப்பா தார்க்குச்சியை எடுத்தார். நான் அடியை விவரிக்கப் போவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் சக்கரம் அச்சில் ஒரு விரல்கடை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அந்த முனகல் சத்தம் போதும். அச்சு மையின் வாசனையும் தீய்ந்த வாசனையும் கலந்து வந்தன. ஒவ்வொரு தடவையும் அப்பா "எங்க?" என்றார். ஒவ்வொரு தடவையும் அவர் "வந்துடும் சாமி" என்றார். குரலை உயர்த்தாமல், சமாதானம் சொல்கிற மாதிரி.

நான் பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அவரு சொல்ல மாட்டாரு பெரியப்பா. சொன்னா எலி கேட்டுக்கும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "பாத்தீங்களா, இதுக்கும் மருந்து வெச்சிருக்கறா" என்றார்.

அம்மா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். இரண்டு முறை அதை எடுத்துவிட்டு, "விடுங்க, வந்துடுவா" என்றாள். இளகின மனசு என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் வந்துசேர்ந்ததைச் சொல்வதற்கு முன்னால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல என்னால் முடியாது.

காவல்காரரின் வலது கை பிறகு தோளுக்கு மேல் எழவில்லை. அந்த வாரத்திலேயே இருவரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. போலீசுக்குப் போக அவர்களுக்கு யார் இருந்தார்கள்? எரிந்த குடிசைக்குள் அந்த ஓட்டைச்சட்டி மட்டும் உடையாமல் கிடந்தது. தம்பி ஓட்டைக்குள் கையை விட்டு விரலை ஆட்டி விளையாடினான். அம்மா பிடுங்கிப் பரண்மேல் போட்டாள். வீடு பிரித்துக் கட்டியபோது அது காணாமல் போயிற்று.

மல்லாட்டை முதல் வருஷம் நன்றாக விளைந்தது. அப்பா அந்த நிலத்துக்குப் போகவே இல்லை, ஆள் வைத்துப் பார்த்தார். அதன் பிறகு சவுக்கு வைத்தார்கள். இப்போது யாரிடமோ இருக்கிறது. சாகும் வரைக்கும் அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்றரை மணி வண்டியின் ஊதல் கேட்டால் படுத்திருந்தாலும் எழுந்து உட்காருவார். "புள்ளைங்க எல்லாம் உள்ள இருக்குதா?" என்பார். எங்களுக்குக் கல்யாணமாகி ஆளுக்கு ஓர் ஊரில் இருந்தபோதும் கேட்டார். அம்மா "இருக்குது" என்பாள்.

தம்பிக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மின்சார இலாகாவில் வேலை, பருத்த உடம்பு, இழுப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. தவிட்டுப்பிள்ளை என்று அவன் பெண்டாட்டி கேலி செய்வாள். அவனும் சிரிப்பான்.

நான் கல்யாணமான பிறகு ஒரு சாவுக்காக ஆடி மாதத்தில் ஊருக்குப் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. கூட்டத்தில் இருக்கப் பிடிக்காமல் நடந்தேன். ஓர் இடத்தில், ஒரு புதருக்குள், வெற்றிலை மாதிரி இலையோடு கொடிகள் ஏறியிருந்தன. ஒன்று இரண்டு இல்லை. அடியில் சருகை விலக்கிப் பார்த்தேன். குழி இருந்தது. யாரோ தோண்டி, திரும்ப மூடியிருந்தார்கள். அது எங்கே என்று இங்கே எழுத மாட்டேன்.

இனி அந்த அந்தி.

விளக்கு வைக்கிற நேரம். தீ தணிந்து மேடு முழுக்கக் கங்குகள் கண் விழித்த மாதிரி தெரிந்தன. அப்பா கை ஓய்ந்துபோய், சக்கரத்தில் சாய்ந்துகொண்டிருந்தார். ஏரிக்கரைப் பக்கமிருந்து அவள் வந்தாள். இடுப்பு வரைக்கும் நனைந்த புடவை. தலையில் காலிக் கூடை. தம்பி அவள் தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கூட்டம் வழி விட்டது. அவள் நேராக அம்மாவிடம் வந்து அவனைக் கொடுத்தாள்.

"இழுப்பு வரல. கெழங்கு தின்னான், தூங்கிட்டான். வழியில தீ மறிச்சிக்கிச்சி, ஏரிய சுத்திக்கினு வந்தன். அதான் நேரமாயிடுச்சி" என்றாள்.

அம்மா வாங்கிக்கொண்டாள். அப்பா ஓடி வந்து தம்பியின் முகத்தைத் தடவினார். கழுத்தில் கை பட்டதும் நின்றார். அங்கே மஞ்சள் துணியில் ஓம முடிச்சு இருந்தது. அன்று காலையில் கட்டிய புதுத்துணி. அம்மா போடும் முடிச்சு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புகை வரப்போகிறது, பிள்ளையை அந்தப்பக்கம் கூட்டிக்கொண்டு போ என்று அவள்தான் கொல்லை வழியாக அனுப்பியிருக்கிறாள். அப்பா போகக்கூடாது என்று சொன்ன பயத்தில் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் முழுக்கத் திறக்கவில்லை. இது எனக்கு அப்போது புரியவில்லை; அப்பா அந்த முடிச்சையும் பிறகு அம்மாவையும் பார்த்தது மட்டும் கண்ணில் நின்றது. எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு எப்போதும் கேட்கவில்லை. தார்க்குச்சியை வண்டியின்மேல் வைத்தார். மெதுவாக வைத்தார், சத்தம் வராமல்.

அதற்குப் பிறகுதான் அவள் சக்கரத்தைப் பார்த்தாள்.

அலறவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். போய்க் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தாள். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் உதவவும் இல்லை. அவர் அவள்மேல் சரிந்தார். ஈரப் புடவையால் அவர் வாயில் இருந்த இரத்தத்தைத் துடைத்தாள். நான் கிட்டத்தில் நின்றிருந்தேன், எனக்குக் கேட்டது.

"எடத்தச் சொன்னியா?"

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"அப்ப மொளைக்கும்" என்றாள்.